அறுத்து மூடிய ஒரு குழாய்

கேள்வி: இல்லினாய் மாநிலம் நேப்பர்வில்லில், 1994இல் கட்டிய வீட்டை வாங்கிக் குடியேறிப் பத்து மாதமாகிறது. என் தந்தை உறங்கும் அடித்தள அறையில் மண்ணிலிருந்து கசியும் கதிரியக்க வாயுவான ரேடான் லிட்டருக்கு 11 பைகோகியூரி (கதிரியக்க அலகு) என்று சோதனையில் வந்திருக்கிறது. ரேடான் பிரச்சினை எதுவும் அறியேன் என்று விற்றவர் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தார். தரகரும் ஏமாற்றிவிட்டார். மனைவிக்கு உறக்கமே இல்லை. அடித்தளத்தில் நீர் சேரும் சம்ப் குழியருகே அறுத்து மூடிய வெள்ளை பிவிசி குழாய் ஒன்று இருக்கிறது. வழக்குத் தொடரலாமா?

பதில்: தந்தையின் படுக்கையை இன்றே மேல்தளத்துக்கு மாற்றுங்கள். 4 பைகோகியூரியை எட்டினாலே சீரமைக்க வேண்டும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை.

தரகர் பேசியதும் உங்கள் மன உளைச்சலும் இந்த வழக்கில் எடுபடா. ரேடானால் நுரையீரல் புற்றுநோய் வருவது பல்லாண்டுகள் சுவாசிப்பதால். வராத நோய்க்கு இழப்பீடு கேட்டு நிற்காதீர்கள். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது அந்தக் குழாய் மட்டுமே. வீட்டின் குறைகளை விற்பவர் படிவத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்னும் இல்லினாய்ச் சட்டத்தில், ரேடானைச் சோதிக்கும் கடமை அவருக்கு இல்லை. அறிந்ததை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். புதிய வீடுகளில், தரைக்கடியிலுள்ள ரேடானை வெளியேற்றும் குழாயைக் கட்டும்போதே வைக்க வேண்டும் என்னும் விதி இல்லினாயில் 2013இல்தான் வந்தது. ஆகவே உங்கள் வீட்டில் இருப்பது ரேடான் குழாய்தான் என்றால், பெரும்பாலும் யாரோ அளந்து பார்த்தபின் வைத்து, பிறகு அறுத்திருக்கிறார்கள். அது உங்களுக்கு விற்றவரா, அவருக்கு முன்பிருந்தவரா என்பதில்தான் வழக்கே நிற்கும்.

என் கட்சிக்காரர்கள் தடுக்கி விழுவது வேறோர் இடத்தில். உடைமை கைமாறிய நாள், குடியேறிய நாள், பத்திரம் பதிவான நாள் ஆகியவற்றுள் முந்தியதிலிருந்து ஓராண்டுக்குள் அந்த வெளிப்படுத்தல் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தாக வேண்டும். விற்றவர் இன்முகத்தோடு, "பார்க்கலாம், பேசிக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதுவார். அந்தப் பேச்சுவார்த்தையால் கெடு தானாக நின்றுவிடாது. பதின்மூன்றாம் மாதம் கோப்போடு வருபவரிடம், மோசடி வழக்கு ஒன்றுதான் மிச்சம், அதில் ஏமாற்றும் நோக்கத்தையும் மெய்ப்பிக்க வேண்டும் என்று சொல்லும் நிலை எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம்கூட முழுதாக இருக்காது. இன்னொன்று, ரேடானை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி பொருத்த வரும் ஒப்பந்தக்காரர் பழைய குழாயைப் பிடுங்கி எறிந்துவிடுவார். அதற்கு முன்பே அதைப் படமெடுத்து, அது என்ன குழாய் என்று உரிமம் பெற்ற ரேடான் வல்லுநரிடம் எழுதி வாங்குங்கள். ஆனால் வழக்குக்காகச் சீரமைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

சீரமைப்புக்குப் பெரும்பாலும் ஓரிரு ஆயிரம் டாலர்தான் ஆகும். வென்றவரின் வழக்கறிஞர் கட்டணத்தைத் தோற்றவர் தலையில் நீதிமன்றம் சுமத்தலாம் என்பதால், தோற்றால் அதைப்போலப் பல மடங்கு போய்விடும். எனவே படத்தையும் வல்லுநர் அறிக்கையையும் இணைத்து, செலவுத் தொகையை மட்டும் கேட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து வழக்கறிஞர் மூலம் கடிதம் அனுப்புங்கள். முக்கால் பங்கு தருகிறேன் என்றால்கூடச் சமரசம் செய்துகொள்ளுங்கள்.