ஸ்கேன் தெளிவாக இருந்தும் இடுப்பு வலி தீராத சகோதரிக்கு

வெள்ளவத்தையிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உட்படலத்தைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்று வைத்தியர் சந்தேகித்தும் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை, நோயெதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் டொனிக் குடித்தால் வலி குறையுமா என்று கேட்டிருந்தீர்கள்.

டொனிக்கில் பணத்தைச் செலவிட வேண்டாம். எதிர்ப்புச் சக்தி பொதுவாகக் குறைந்துவிட்டது என்பதை விட, அது தடம் மாறி இயங்குவதே இங்கு சிக்கல். மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி, கருப்பை உட்படலத்தின் இழையத் துணுக்குகளோடு, கருக்குழாய்கள் வழியாக வயிற்றறைக்குள் செல்வது பெரும்பாலான பெண்களுக்கு நிகழ்கிறது. ஆயினும் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கே இந்நோய் வருகிறது. அந்த இழையத் துணுக்குகளை அழிக்க வேண்டிய, எதிர்ப்புச் சக்தியின் இயற்கைக் கொல்லிக் கலங்கள் தளர்ந்திருப்பதும், அவற்றை விழுங்கி அகற்ற வேண்டிய பெருவிழுங்கிக் கலங்கள் மாறாகப் புதிய குருதிக்குழாய்களையும் நரம்பு நுனிகளையும் வளர்க்கும் பொருட்களைச் சுரப்பதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. அழற்சி அந்நரம்புகளைத் தொடர்ந்து தூண்டும்போது முண்ணாணும் மூளையும் வலிக்குக் கூருணர்வு அடைகின்றன. அதனால்தான் அத்துணுக்குகள் ஒட்டி வளர்ந்த சிறிய படிவும் கடும் வலியைத் தரலாம்; மேலோட்டமான படிவுகள் ஸ்கேனில் தென்படாமலும் போகலாம்.

காலி வீதிப் பேருந்தில் கைப்பையை அடிவயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி என் அக்கா வேலைக்குப் போன ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன்; ஆகையால் "எல்லாம் நோர்மல்" என்ற சொல்லோடு நீங்கள் திரும்பிவிடக் கூடாது. வலி வந்த நாட்களையும், மலசலம் கழிக்கையில் வலித்ததா என்பதையும் குறித்துவைத்துப் பெண்ணோயியல் வைத்திய நிபுணரிடம் காட்டி, ஹோர்மோன் சிகிச்சை பற்றியும், தேவையெனில் லப்பரொஸ்கொப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கமெராவால் உள்ளே பார்க்கும் முறை) பற்றியும் கேளுங்கள். வலியோடு காய்ச்சலோ மயக்கமோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.