ஈர்ப்பலை கேள்வி பதில்: சுனாமியை மட்டும் விட்டுவிடுங்கள்

நாகர்கோவிலில் முப்பது வருஷம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். ஈர்ப்பலை பற்றிக் கேளுங்கள் என்று வாயைக் கொடுத்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது. கோபிக்காதீர்கள்.

தக்கலை, பள்ளி ஆசிரியை: பிரபஞ்சத்தின் தொடக்கத்தைப் பார்க்கப் பெரிய தொலைநோக்கி போதாதா?

போதாது டீச்சர். பதநீர் காய்ச்சும் அண்டாவில் நுரை பொங்கி நிற்கும்போது உள்ளே கிடக்கும் அகப்பை தெரியுமா? பெருவெடிப்புக்குப் பின் சுமார் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் அப்படித்தான் கொதித்துக் கிடந்தது. கட்டில்லாமல் திரிந்த எலக்ட்ரான்கள் ஒளியை நேராகப் போகவிடாமல் சிதறடித்தன. ஆறி, அணுக்கள் உருவான பிறகுதான் ஒளிக்கு வழி கிடைத்தது. அன்று கிளம்பியதைத்தான் நுண்ணலைப் பின்னணி என்கிறோம். ஒளியை நம்பிப் போனால் அந்தச் சுவரோடு சரி.

ஈர்ப்பலைக்கு அந்தச் சுவர் கிடையாது. அது விண்வெளியே நெளிவது. வழியில் கிடக்கும் பொருள் அதை ஏறக்குறைய தடுப்பதே இல்லை. முதல் நொடியின் துணுக்கில் கிளம்பியிருந்தால்கூட இன்றும் வந்துகொண்டிருக்கும். ஆனால் எதிலும் ஒட்டாத அலை நம் கருவியில் மட்டும் எளிதாக ஒட்டுமா? 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ என்ற ஈர்ப்பலைக் கருவி முதல் ஈர்ப்பலையைப் பிடித்தபோது அதன் 4 கிலோமீட்டர் நீளக் குழாய்க் கையில் ஏற்பட்ட மாற்றம், புரோட்டான் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிய அலை. தொடக்கத்தின் அலை அல்ல. இதைக் குழப்பாதீர்கள். மறுபடியும் சொல்வேன்.

ராஜாக்கமங்கலம்: சுனாமிக்கு முன்னால் ஈர்ப்பலை வருமா?

வராது. சுனாமி, கடல்தரை அசைவதால் எழும் நீரலை.

மார்த்தாண்டம்: தொடக்க காலத்து அலையை 2014இலேயே கண்டுபிடித்துவிட்டதாகப் படித்தேனே?

நானும் படித்தேன், வகுப்பில் மிட்டாய்கூடக் கொடுத்தேன். தென்துருவத்தில் இருந்த பைசெப் 2 குழு, நுண்ணலைப் பின்னணியில் அந்த அலை விட்ட சுழல் தடத்தைப் பார்த்துவிட்டோம் என்று மார்ச்சில் அறிவித்தது. பிளாங்க் விண்கலத்தின் தரவையும் சேர்த்துப் பார்த்ததும், 2015 தொடக்கத்தில் கதை மாறியது. நம் பால்வீதியின் தூசியே அப்படிப்பட்ட தடத்தைக் காட்டும். தூசியைக் கழித்தால் உறுதியாகச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அதிலிருந்து யார் என்ன அறிவித்தாலும் நான் முதலில் கேட்பது: தூசியைக் கழித்தீர்களா?

குளச்சல், மீனவர்: சார், காத்தே இல்லாம கெடக்கும், கடல் ஏறி வந்து வள்ளத்தைத் தூக்கிப் போடும். கள்ளக்கடலாக்கும் அது. உங்க ஆதி அலையும் அப்படியா?

அண்ணே, இந்த உவமை எனக்குத் தோன்றாமல் போயிற்றே! தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் புயல் அடித்து ஓய்ந்திருக்கும். அலை மட்டும் நாள்கணக்கில் நடந்து நம் கரைக்கு வரும். ஈர்ப்பலையிலும் இப்படி ஒரு நெடிய ஏற்ற இறக்கம் தெரிகிறது என்று 2023 ஜூனில் பல குழுக்கள் அறிவித்தன. புனே அருகே கோடத் தொலைநோக்கியை வைத்து வேலை செய்யும் இந்தியக் குழுவும் அதில் உண்டு. கடிகாரம்போலத் துடிக்கும் பல்சார் என்னும் விண்மீன்களின் துடிப்பு கொஞ்சம் முந்தியும் பிந்தியும் வருவதை ஆண்டுக்கணக்கில் எண்ணினார்கள். அந்த அலை ஒரு முறை ஏறி இறங்கவே பல வருஷம் ஆகும்.

அவரே: புயல்னா அலை ஒரு பக்கத்துலேர்ந்து வரும். பக்கத்தை வச்சுத்தான் எங்க அடிச்சதுன்னு சொல்லுவோம். இதுக்குப் பக்கம் உண்டா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். பல்சார்கள் காட்டியது பெரும்பாலும் விண்மீன் மண்டலங்களின் நடுவே சுற்றும் ராட்சதக் கருந்துளை ஜோடிகளின் அலையாக இருக்கலாம். அப்படியானால் வானத்தில் சில பக்கம் கூடும், சில பக்கம் குறையும். தொடக்கத்திலிருந்து வந்ததென்றால் எல்லாப் பக்கமிருந்தும் ஏறக்குறைய ஒரே அளவில் வரவேண்டும், ஏனென்றால் அந்தப் 'புயல்' அடித்தது ஓரிடத்தில் அல்ல, எங்கும்தான். இன்னும் முடிவாகவில்லை.

தக்கலை ஆசிரியை: சார், கடல் கதை சொன்னால் பிள்ளைகள் ஈர்ப்பலையைத் தண்ணீர் அலை என்று பரீட்சையில் எழுதிவிடுவார்கள்.

எழுதுவார்கள், உண்மைதான். என்னிடமே எழுதியிருக்கிறார்கள்.

குளச்சல்: டீச்சர், எங்க பிள்ளைகளுக்குக் கடலை வச்சுச் சொன்னாத்தான் மண்டையில ஏறும்.

ஆசிரியை: ஏறும் அண்ணாச்சி, இறங்காதே!

நடுவில் மாட்டிக்கொண்டேன். டீச்சர், உவமை எங்கே உடைகிறது என்று சேர்த்தே சொல்லுங்கள்: கடலலை தண்ணீரின் மேல் போகும், ஈர்ப்பலையில் விண்வெளியே நீண்டு சுருங்கும். அண்ணே, நீங்கள் சொன்ன 'பக்கம்' கேள்வியைத்தான் ஆய்வாளர்களும் இப்போது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தோவாளை: பிறந்த நேரத்தில் ஈர்ப்பலை பட்டால் ஜாதகம் மாறுமா?

ஜோசியரைக் கேளுங்கள்.

ஆரல்வாய்மொழி: போட்டித் தேர்வுக்கு. லைகோ இந்தியா எங்கே வருகிறது?

மகாராஷ்டிரம், ஹிங்கோலி மாவட்டம். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2023.

குலசேகரம்: அப்படியானால் தொடக்கத்தின் அலையைப் பிடிக்க எதை நம்புவது?

பல்சார்களின் பொறுமையை ஒரு பக்கம், விண்வெளியில் பறக்கப்போகும் லிசா என்ற ஈர்ப்பலைக் கருவியை ஒரு பக்கம். ஐரோப்பிய விண்வெளி முகமை 2030களின் நடுவில் அதற்காக மூன்று கலங்களை அனுப்பவிருக்கிறது. ஒன்றுக்கொன்று 25 லட்சம் கிலோமீட்டர் தள்ளி முக்கோணமாகப் பறக்கும். முதல் நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்தில் பிரபஞ்சம் ஆறும்போது, தண்ணீர் கொதித்துக் குமிழி விடுவதுபோல ஏதாவது நடந்திருந்தால், அந்த அலை லிசாவின் காதுக்கு எட்டும் அலைவரிசையில் விழும். குமிழியே விடாமல் சாதுவாக ஆறியிருந்தால் ஒன்றும் கேட்காது. கேட்டாலும் தூசிக் கதையை மறக்காதீர்கள்.

முட்டம்: சுனாமி பற்றி...

ராஜாக்கமங்கலத்துக்காரருக்குச் சொன்னதேதான்.