பின்னால் காரைக் கட்டி இழுப்பதா, போன ஊரில் வாடகைக்கு எடுப்பதா?

வணக்கம் டீச்சர். நீங்கள் கேட்டது இது: அடுத்த ஆண்டு பணி ஓய்வு. அதன் பிறகு நீங்களும் வீட்டுக்காரரும் டெக்சஸில் இருக்கும் மகளிடம் போய், அங்கிருந்து மூன்று மாதம் மோட்டார்ஹோமில், அதாவது வீடு மாதிரியே தங்கக்கூடிய பெரிய வண்டியில், சுற்றப் போகிறீர்கள். காணொளிகளில் பலரும் பின்னால் ஒரு சின்ன காரைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். நாமும் அப்படிச் செய்வதா, ஆங்காங்கே வாடகைக் கார் எடுப்பதா? திரும்பி வந்து இங்கே மலேசியாவிலும் ஒரு வேனை வீடாக மாற்றி ஓட்ட ஆசை. வீட்டுக்காரருக்கு இனிப்புநீர் இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள்.

நான் சுங்கை சிப்புட்டில் கார் பட்டறை வைத்திருக்கிறேன், இழுவை லோரியும் ஓட்டுகிறேன். என் அக்காவும் அத்தானும் டெக்சஸில்தான் இருக்கிறார்கள். சொந்த மோட்டார்ஹோம், பின்னால் ஒரு ஜீப். அவர்களோடு நானும் சுற்றியிருக்கிறேன். அதனால் இழுப்பதைப் பற்றி இரண்டு பக்கத்து அனுபவமும் உண்டு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வாடகைக் கார் எடுங்கள், அதையும் எல்லா ஊரிலும் எடுக்காதீர்கள். மலேசியாவில் இழுக்கவே வேண்டாம்.

நீங்கள் ஓட்டப் போகும் மோட்டார்ஹோம் யாருடையது? வாடகை வண்டி என்றால் பேச்சு அநேகமாக அங்கேயே முடிந்தது. மோட்டார்ஹோம் வாடகைக்கு விடும் நிறுவனங்கள் பெரும்பாலும் பின்னால் எதையும் இழுக்க அனுமதிப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். காணொளிகளில் இழுத்துப் போகிறவர்கள் சொந்த வண்டிக்காரர்கள். வீட்டை விற்றுவிட்டு வருடக்கணக்கில் வண்டியிலேயே குடியிருப்பவர்களும் அதில் நிறையப் பேர். அவர்கள் கணக்கு வேறு, மூன்று மாதம் சுற்றப் போகிற உங்கள் கணக்கு வேறு.

மகள் வீட்டில் சொந்தமாக ஒரு மோட்டார்ஹோம் இருக்கிறது, கூட ஒரு காரும் சும்மா நிற்கிறது என்றால், அந்தக் காரின் கியர்பாக்ஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் போவது இங்கேதான்.

இழுப்பதில் மூன்று வகை உண்டு. நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பது ஒன்று. முன்சக்கரம் இரண்டையும் ஒரு குட்டித் தள்ளுவண்டியில் ஏற்றிவிட்டு, பின்சக்கரம் மட்டும் உருள இழுப்பது இன்னொன்று. முழுக் காரையும் டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவது மூன்றாவது. காணொளியில் அழகாகத் தெரிவது முதல் வகை. ஆனால் எல்லாக் காரும் அதற்கு ஒத்துவராது. ஆட்டோ கியர் கார்கள் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸுக்கு எண்ணெய் அனுப்பும் பம்பை இன்ஜின்தான் சுழற்றுகிறது. இன்ஜின் நின்றிருக்க சக்கரம் மட்டும் சுழன்றால் உள்ளே பற்களும் பேரிங்குகளும் எண்ணெய் இல்லாமல் உரசிக்கொண்டே வரும். நியூட்ரலில் போட்டுவிட்டோமே என்று நினைப்பவர்கள் ஏமாறுவது இதில்தான்.

ஒருமுறை லெங்கோங்கிலிருந்து கோலகங்சார் வரை ஆட்டோ கியர் கார் ஒன்றை நியூட்ரலில் போட்டு, கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். முன்சக்கரத்தில் ஓடும் வண்டி. இன்ஜின் பழுதைச் சரிசெய்து ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டால் வண்டி முனகுகிறதே தவிர நகரவில்லை. கீழே தட்டை வைத்து வடிகால் நட்டைக் கழற்றினேன். சிவப்பாக, வழவழவென்று வர வேண்டிய எண்ணெய் வறுத்த காப்பி நிறத்தில் வந்தது. தீய்ந்த வாடை. விரலில் தொட்டுத் தேய்த்தால் மினுமினுவென்று இரும்புத்தூள் ஒட்டுகிறது. இன்ஜினுக்கு வந்த செலவைவிட கியர்பாக்ஸுக்கு ஆன செலவு பெரிது. அமெரிக்காவில் ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் இழுப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜீப் ரேங்லர் அங்கே ஏன் அவ்வளவு பேர் பின்னால் போகிறது தெரியுமா? அதில் கியர்பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடையில் தனியாக ஒரு டிரான்ஸ்ஃபர் கேஸ் இருக்கிறது. அதை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் சக்கரம் எவ்வளவு சுழன்றாலும் கியர்பாக்ஸுக்கு ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் விற்ற ஹோண்டா சிஆர்-வியும் 2014 மாடல் வரை இப்படி இழுக்கத்தக்கதாக இருந்தது. 2015 மாடலில் சிவிடி (கியர்ப் படிகள் இல்லாத ஒருவகை ஆட்டோ) கியர்பாக்ஸ் வந்ததும் அந்த அனுமதி போய்விட்டது. பெயர் ஒன்று, கார் ஒன்று, ஆனால் ஒரே ஆண்டில் நிலைமை மாறிவிட்டது. எனவே "என் நண்பர் இதே காரைத்தான் இழுக்கிறார்" என்று யார் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டின் கையேட்டில் இழுப்பது பற்றி ஒரு பகுதி இருக்கும். அதில் நான்கு சக்கரத்தில் இழுக்கலாம் என்று தெளிவாக இருந்தால் மட்டும் இழுக்கலாம். மின்சாரக் கார் என்றால் பெரும்பாலும் சக்கரம் தரையில் படவே இழுக்கக்கூடாது; சக்கரம் சுழல மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும்.

கியர்பாக்ஸ் சரி என்றாலும் வேலை முடியாது. காரின் முன்பக்கச் சட்டத்தில் இரும்புத்தகடு பொருத்த வேண்டும், இழுவைக் கம்பி வேண்டும், பின்விளக்குகளுக்கு வயர் இழுக்க வேண்டும், மோட்டார்ஹோம் பிரேக் பிடிக்கும்போது காரும் சேர்ந்து பிடிக்க தனிக் கருவி வேண்டும். இந்தப் பிரேக் கருவியை யாராவது தேவையில்லை என்றால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஒன்றரை டன் கார் இறக்கத்தில் பின்னால் நின்று தள்ளும். பல மாநிலங்களில் குறிப்பிட்ட எடைக்கு மேல் இழுத்தால் பிரேக் சட்டப்படியே கட்டாயம். எடையையும் பாருங்கள்: மோட்டார்ஹோம், கார், ஆட்கள், சாமான், தொட்டித் தண்ணீர் எல்லாம் சேர்த்து எவ்வளவு வரை போகலாம் என்று வண்டியின் தகட்டில் எழுதியிருக்கும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ, பலர் அதைக் கூட்ட மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ரிவர்ஸ். நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுத்துப் போகும் வண்டியைப் பின்னால் எடுக்க முடியாது. சில அடி போனதுமே காரின் முன்சக்கரங்கள் ஒரு பக்கம் மடங்கிக் கம்பி வளையும். அத்தான் ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் நுழைந்தார், வெளியேறும் வழியில் பெரிய லோரி ஒன்று எண்ணெய் இறக்கிக்கொண்டு நிற்கிறது. முன்னால் போக வழியில்லை, பின்னால் போகவும் முடியாது. கொளுத்தும் வெயிலில் காரைக் கழற்ற வேண்டியதாயிற்று. வண்டி வளைந்து நின்றதால் கம்பியைப் பூட்டும் ஆணி இறுகிப் போய் வரவில்லை. அக்கா காருக்குள் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப, அத்தான் முட்டி போட்டு சுத்தியலால் தட்ட, ஒருவழியாகக் கழன்றது. இரண்டு பேரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. குனிந்து நிமிர்ந்து, வெயிலில், சில நாள் காலையும் மாலையும். உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கும் நேரத்தில் இது வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

பணக் கணக்கு சுலபம். கம்பி, தகடு, பிரேக், பொருத்தும் கூலி எல்லாம் சில ஆயிரம் டாலர் வரும். ஒரு பேச்சுக்கு 4,000 டாலர் என்றும் வாடகைக் கார் நாளுக்கு 70 டாலர் என்றும் வைத்தால், 57 நாள் வாடகை எடுத்தால்தான் இரண்டும் சமம். மூன்று மாதத்தில் அத்தனை நாள் நீங்கள் தனிக் கார் ஓட்டப் போவதில்லை.

கார் எப்போது உண்மையில் வேண்டும் என்றால், ஒரே இடத்தில் நான்கைந்து இரவுக்கு மேல் தங்கும்போதுதான். தினமும் இடம் மாறுகிறவருக்கு மோட்டார்ஹோமே கார். போகிற வழியில் கடையில் நிறுத்திச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். ஒரு முகாமில் தண்ணீர்க் குழாய், மின்சாரம், கழிவுக் குழாய் எல்லாம் மாட்டி உட்கார்ந்துவிட்ட பிறகுதான் பால் வாங்கக்கூட வீட்டையே கழற்றி ஓட்ட வேண்டிய நிலை வரும். அதனால் பயணத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஓடும் நாள்கள், தங்கும் நாள்கள். தங்கும் இடத்தைப் பெரிய ஊருக்கு அருகில் வைத்து, அந்த வாரத்துக்கு மட்டும் கார் எடுங்கள். வார வாடகை நாள் வாடகையைவிட மலிவாக வரும். சின்ன ஊர்களில் வாடகைக் கடைகள் ஞாயிறு மூடியிருக்கலாம், முன்கூட்டியே பேசிவையுங்கள். இரவில் உடம்புக்கு ஒன்று என்றால் மருத்துவமனைக்கு ஓடுவதற்கும் தங்கும் வாரத்தில் கார் பக்கத்தில் நிற்பது நல்லது. உங்களுக்கு நான் வாடகைக் காரை வற்புறுத்துவதற்கு முதல் காரணமே இதுதான், ஊர் சுற்றுவது அப்புறம்.

தேசியப் பூங்காக்களில் இடத்துக்கு இடம் மாறும். சையானில் ஆண்டின் பெரும்பகுதி இலவசப் பேருந்து ஓடும். அது ஓடும் காலத்தில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் கார் விடமாட்டார்கள், எனவே அங்கே கார் எடுப்பது வீண். கிராண்ட் கேன்யன் தென்விளிம்பிலும் இலவசப் பேருந்து உண்டு. ஆனால் கிளேசியர் பூங்காவின் மலைச்சாலையில் நடுப்பகுதிக்கு 21 அடிக்கு மேல் நீளமான வண்டி போகக்கூடாது. டெக்சஸிலேயே இருக்கும் பிக் பெண்டில் பேருந்தே கிடையாது. சீசோஸ் மலைப்பகுதிக்கு ஏறும் சாலையில் 24 அடிக்கு மேற்பட்ட மோட்டார்ஹோம் வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது. அந்த வளைவுகளை ஜீப்பில் ஏறியபோது எனக்குப் புரிந்தது. அங்கே கண்டிப்பாகக் கார் வேண்டும், மகளிடம் கார் இருந்தால் அந்தப் பயணத்துக்கு மட்டும் அவர் பின்னால் ஓட்டி வரட்டும்.

இனி நம் ஊர்.

இங்கே பெரும்பாலான வீடுகளில் நிற்பது மைவி, ஆக்சியா, பெஸ்ஸா, சாகா. எல்லாமே முன்சக்கரத்தில் ஓடுபவை, பெரும்பாலும் ஆட்டோ. 2021-க்குப் பிறகு வந்த மைவியில் சிவிடி. நான்கு சக்கரத்தில் இழுக்கும் பேச்சுக்கே இடமில்லை. குட்டித் தள்ளுவண்டியோ டிரெய்லரோ வைக்கலாமா என்றால், அதற்கும் வேனின் அமைப்பை மாற்றுவதற்கும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல், காப்புறுதி நிறுவனத்தின் சம்மதம் என்று வரிசையாக வேலை. அதைவிட, எங்கே இழுத்துப் போவீர்கள்? தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும் பழைய சாலையில் இரண்டு பேருந்து எதிரெதிரே வந்தாலே ஒன்று ஒதுங்க வேண்டும். தோட்டத்துச் செம்மண் பாதையில் செம்பனை மட்டை இரண்டு பக்கமும் வண்டியை உரசும், திருப்ப இடம் இருக்காது. லங்காவிக்கு வேனை கோல பெர்லிஸிலோ கோல கெடாவிலோ விட்டுவிட்டுப் படகில் போய், குவா துறையிலேயே கார் எடுக்கலாம், வாடகைக்குக் கொடுப்பவர்கள் தாங்களாகவே வந்து கேட்பார்கள். பினாங்குப் படகிலும் இப்போது கார் ஏறாது, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மிதிவண்டியும்தான். வேனோடு போக வேண்டுமென்றால் பாலம்தான் வழி. டீசலையும் யோசியுங்கள்: 2024 ஜூன் மாதம் தீபகற்பத்தில் 2 ரிங்கிட் 15 காசிலிருந்து ஒரே நாளில் 3 ரிங்கிட் 35 காசுக்கு ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு டன்னைக் கூடுதலாக இழுத்தால் அது எண்ணெயில்தான் தெரியும்.

வாடகைக்கும் ஒரு சிக்கல் உண்டு. சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புற ஊர்களில் வாடகைக் கார் நினைத்தவுடன் கிடைக்காது. ஈப்போ போய்த்தான் எடுக்க வேண்டும். கிராப்பும் ராத்திரியில் வராது. அதனால் பெரிய ஊரில் வேனை நிறுத்திக் காரை எடுத்துக்கொண்டு சின்ன ஊருக்குப் போங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். கேமரனுக்கு ஈப்போவில் கார் எடுத்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறலாம், அந்தச் சாலை அகலம். உறவுக்காரர் இருக்கும் ஊர் என்றால் அவர்கள் காரே போதும், கேட்காவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள். பங்குனி உத்திரத்துக்கு மாரான் போகிறீர்கள் என்றால் வேனை முந்தின நாளே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், அந்தக் கூட்டத்தில் காரும் நகராது.

குடும்பமாகப் போனால் நம் ஆட்கள் செய்வதுதான் நல்ல வழி: மகன் மைவியில் முன்னாலோ பின்னாலோ வரட்டும். இரண்டு பேர் மட்டும் என்றால், வேனின் பின்னால் ஒரு கப்சாய் மோட்டார் வைக்கும் தாங்கியைப் பற்றி யோசிக்கலாம். மோட்டார் நூறு கிலோ அளவு இருக்கும்; அந்த எடை பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால் வேனின் முன்பக்கம் லேசாகும், எனவே சாமானை முன்னால் வையுங்கள். எண் பலகையும் பின்விளக்கும் மறையக்கூடாது. தாங்கிக்கும் ஜேபிஜேயிடம் கேட்டுவிட்டுப் பொருத்துங்கள், வெல்டிங் கடையில் கேட்காதீர்கள்.

புறப்படும் முன் அனைத்துலக ஓட்டுநர் உரிமத்தை ஜேபிஜேயில் எடுத்துவிடுங்கள், இருவர் பெயரிலும். மகள் வீட்டுக் காரை இழுக்கத்தான் போகிறீர்கள் என்றால், அதன் மாடலையும் ஆண்டையும், கையேட்டில் இழுப்பது பற்றி இருக்கும் பக்கத்தின் படத்தையும் இங்கே கீழே போடுங்கள். பார்த்துவிட்டு முடியுமா முடியாதா என்று சொல்கிறேன்.