பி.காம். சி.ஏ. படித்தால் ஆடிட்டர் ஆகலாமா?

கேள்வி: மகளை பி.காம். சி.ஏ.வில் சேர்த்தால் மூன்று வருடத்தில் ஆடிட்டர் ஆகிவிடுவாளா? – ஒரு தாய், விருதுநகர்

ஆக முடியாதும்மா. ஒவ்வொரு அட்மிஷன் சமயத்திலும் இந்தக் குழப்பத்தைப் பார்க்கிறேன். பட்டத்தோடு ஒட்டி வரும் அந்த சி.ஏ., கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். ஆடிட்டருக்கான சி.ஏ., அதாவது சார்ட்டர்ட் அக்கவுண்டன்சியை நடத்துவது இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனமான ஐ.சி.ஏ.ஐ.; அதற்குத் தனியாகப் பதிவுசெய்து தேர்வெழுத வேண்டும். பிளஸ் டூ முடித்ததும் அதன் முதல் நிலைத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதலாம். நான்கு தாள்கள், ஒவ்வொன்றிலும் 40, மொத்தத்தில் 50 சதவீதம் வாங்கினால் தேர்ச்சி. அவசரம் இல்லையென்றால் பட்டத்தை முடித்துவிட்டே போகலாம். காமர்ஸ் பட்டதாரி 55 சதவீதம் எடுத்திருந்தால் ஃபவுண்டேஷன் இல்லாமல் நேராக அடுத்த நிலையான இன்டர்மீடியட்டில் சேரலாம்.

படிப்போடு சேர்த்தே சி.ஏ.வுக்குத் தயாராகப் போகிறாள் என்றால், எந்த பி.காம். என்பதைவிட எந்த ஷிஃப்ட் என்று கேளுங்கள். மதியத்தோடு கல்லூரி முடிந்தால் கோச்சிங் போக நேரம் கிடைக்கும்.

கேள்வி: பிளஸ் டூவில் கணக்கு எடுக்கவில்லை. பி.ஏ. பொருளாதாரம் படித்து, பெரிய நிறுவனம் ஒன்றில் எம்.ஏ. சேர ஆசை. முடியுமா? – மாணவர், சேலம்

முடியும். ஆனால் முதல் செமஸ்டரிலேயே கணக்கைத் தொட்டுவிடுங்கள். டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கோட்டூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் போன்ற இடங்களில் வகுப்பு நடப்பதே கணக்கின் மொழியில்தான்.

ஓர் உதாரணம். ஒரு பட்டறையில் q பொருள் செய்ய ஆகும் செலவு 100 + 5q + q² என்று வைத்துக்கொள்வோம். 10 பொருளுக்கு 250 ரூபாய், 11 பொருளுக்கு 276. கூடுதலாகச் செய்த அந்த ஒன்றுக்கு 26 ரூபாய். இதைத்தான் இறுதிநிலைச் செலவு என்கிறோம். வகையீடு (ஒன்று மாறும்போது இன்னொன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று காணும் கணக்கு) தெரிந்தவர் 5 + 2q என்று எழுதி, 10 என்ற இடத்தில் 25 என்று உடனே சொல்லிவிடுவார். கூடுதலாகச் செய்யும் அளவை ஒன்றிலிருந்து சுருக்கச் சுருக்க, ஒரு பொருளுக்கான அந்த 26, 25-ஐ நெருங்கும். இவ்வளவுதான் விஷயம், பயப்பட ஒன்றுமில்லை. பிளஸ் ஒன் வணிகக் கணித நூலை எடுத்து வகையீட்டுப் பாடத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். அப்புறம் துணைப்பாடமான அல்லைடு தாளில் புள்ளியியல் இருந்தால் விடாதீர்கள். கல்லூரியில் எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியலால் ஆராயும் பாடம்) இல்லையென்றால் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

கேள்வி: பி.பி.ஏ.வா, பி.காமா? – மாணவி, திருநெல்வேலி

எம்.பி.ஏ.தான் குறி என்றால் இரண்டும் ஒன்றே; எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுத எந்தப் பட்டமும் போதும். வேறு யோசனையும் இருந்தால் நான் பி.காம். பக்கம். அக்கவுண்ட்ஸ் கைவசம் இருந்தால் சின்ன ஊரிலும் வேலை கிடைக்கும்.

கேள்வி: பி.காம். இரண்டாம் ஆண்டு. எலெக்டிவ் தாளுக்கு, மார்க் எளிதாக வரும் தாளை எடுக்கச் சொல்கிறார் சீனியர். – மாணவர், தஞ்சாவூர்

சீனியர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் தாளின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். துறையில் பாடத்திட்டத்தை வாங்கி ஐந்து யூனிட்டையும் வரிவரியாகப் படியுங்கள். கூடவே பழைய வினாத்தாள் இரண்டு பாருங்கள். ‘வரையறு, வகைகளை எழுதுக’ என்று மட்டுமே கேட்டிருந்தால் அது மனப்பாடத் தாள். கணக்கு போடச் சொல்லும் தாள், வருமான வரி, ஜி.எஸ்.டி. இவற்றில் ஒன்று கிடைத்தால் அதை எடுங்கள். நாலு மார்க் குறைந்தாலும் பரவாயில்லை. இன்டர்வியூவில் ஒரு வரி ரிட்டர்னை எப்படித் தாக்கல் செய்வீர்கள் என்று கேட்டால் அப்போது வாய் திறந்து பேச முடியும்.

கேள்வி: பி.ஏ. பொருளாதாரம் முடித்ததும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வு எழுதலாமா? – மாணவி, மதுரை

பி.ஏ. மட்டும் போதாது. அதற்குப் பொருளாதாரத்தில் முதுகலை வேண்டும். யூ.பி.எஸ்.சி. சிவில் சர்வீசஸ் தேர்வை இந்தப் பட்டத்தோடு எழுதலாம். பொருளாதாரத்தையே விருப்பப் பாடமாகவும் வைத்துக்கொள்ளலாம்.