துடிப்பு மருந்தை விலங்கில் சோதித்தால் மனிதருக்குப் பொருந்துமா?

"இதயத் துடிப்பு தாறுமாறாகும் நோய்க்கான மருந்துகளை எலியிலும் நாயிலும் சோதிக்கிறார்களே, அந்த முடிவு மனிதருக்குப் பொருந்துமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் பாடம் நடத்துபவள் நான். எந்த விலங்கு, அதன் இதயம் நோயுற்றதா நலமானதா, சோதனையில் எதை அளந்தார்கள் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

சுண்டெலியின் இதயம் நிமிடத்துக்கு 500 முறைக்கு மேல் துடிக்கும். அந்த வேகத்துக்கு, ஒவ்வொரு துடிப்பு முடிந்ததும் இதயச் செல் நொடிப்பொழுதில் அடுத்ததற்குத் தயாராக வேண்டும். எலி இதற்குப் பயன்படுத்தும் பொட்டாசியம் சேனல்கள் (செல்லின் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள்) வேறு. மனித இதயம் பெரிதும் நம்பியிருக்கும் ஹெர்க் என்ற பொட்டாசியம் சேனலுக்கு வளர்ந்த எலியில் அதிக வேலை இல்லை. அதனால் ஹெர்க்கை அடைக்கும் மருந்தைக் கொடுத்தாலும் எலியின் ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதே மருந்து மனிதருக்கு க்யூடி இடைவெளியை (இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்புக்குப் பின் மறுபடி தயாராக எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் காட்டும் அளவு) நீட்டி உயிரைப் பறிக்கும் துடிப்பைக் கிளப்பலாம். ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் இந்தக் காரணத்தால்தான் சந்தையை விட்டுப் போனது. முயல், கினிப் பன்றி, நாய் ஆகியவை இந்த விஷயத்தில் நமக்கு நெருக்கமானவை.

சரி, விலங்கைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் போதுமா? போதாது. மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகள் திடீர் மரணத்துக்கு அறிகுறி என்பது 1980களில் தெரிந்திருந்தது. அவற்றை அடக்கினால் மரணமும் குறையும் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். ஃப்ளெகைனைட், என்கைனைட் என்ற மருந்துகள் இரண்டும் அந்தத் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. பிறகு, மரணம் உண்மையிலேயே குறைகிறதா என்று பார்க்க மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களிடம் காஸ்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. இந்த மருந்துகளை எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். 1989இல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதும்போது எனக்கு மனசு கனக்கும்.

காரணம் தழும்பில் இருக்கிறது. இந்த மருந்துகள் சோடியம் சேனலை அடைத்து மின்னோட்டத்தை மெதுவாக்குபவை. நலமான தசையில் இதனால் பெரிய கேடு இல்லை. மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பின் ஓரத்தில் மின்னோட்டம் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும்; அங்கே இன்னும் மெதுவானால் அது வட்டமடிக்கத் தொடங்கி, துடிப்பைத் தாறுமாறாக்கிவிடும். நலமான நாயின் இதயத்தில் இது தெரியவே வராது.

தெரிய வைக்கும் மாதிரி ஒன்று உண்டு. ஷ்வார்ட்ஸ், பில்மன், ஸ்டோன் ஆகியோர் அதை உருவாக்கினார்கள். நாய்க்கு இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பை உண்டாக்கி, புண் ஆறிய பிறகு டிரெட்மில்லில் ஓடவிடுவார்கள். ஓட்டத்தின் கடைசி நிமிடத்தில் தொடங்கி, இதயத்தின் வேறொரு ரத்தக்குழாயை 2 நிமிடம் அடைப்பார்கள். சில நாய்களின் இதயம் உதறத் தொடங்கும் (சீராகச் சுருங்காமல் நடுங்கும்), சில தாங்கிக்கொள்ளும். கேட்கவே கொடுமையாக இருக்கிறது, எனக்கும்தான். ஆனால் தழும்பு, உழைப்பு, நரம்புத் தூண்டல், திடீர் ரத்தக்குறைவு நான்கும் மனிதரிடம் சேர்வது போலவே அங்கே சேர்கின்றன. கூடுதல் துடிப்பு குறைந்ததா என்பதோடு நில்லாமல், உயிர் பிழைத்ததா என்றே பார்க்க முடிகிறது.

இதயத்தின் மேலறைகள் மட்டும் இப்படி நடுங்கும் நோயான மேலறை உதறலுக்கு வெள்ளாடு நல்ல மாதிரி. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் அலெஸ்ஸி குழுவினர் 1995இல் ஆடுகளின் மேலறையைத் திரும்பத் திரும்ப மின்தூண்டலால் உதறவைத்து, அந்த உதறலே அடுத்த உதறலை நீளமாக்குகிறது என்று காட்டினார்கள். நாள்பட்ட நோயாளிக்கு மருந்து ஏன் சரியாகக் கேட்பதில்லை என்பது அதனால் விளங்கியது.

விலங்கே இல்லாமல் செய்யலாமா என்றால், ஹெர்க் போன்ற ஆபத்தைக் கண்டுபிடிக்க மனித ஸ்டெம் செல்லிலிருந்து (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச்செல்) வளர்த்த இதயச் செல்லும் கணினி மாதிரியும் இப்போது நன்றாக உதவுகின்றன. அந்த ஆபத்தைக் கண்டறிவதற்காக விலங்கை வதைப்பதைக் குறைத்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் வந்த சட்டம், புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்பதை நீக்கிவிட்டது. மாரடைப்புத் தழும்புள்ள இதயத்துக்கான மருந்தென்றால் மட்டும் நான் தயங்குவேன். தட்டில் வளரும் அந்தச் செல்கள் கருவிலிருக்கும் குழந்தையின் செல்களைப் போல முதிராதவை. அவற்றுக்குத் தழும்பும் கிடையாது, நரம்பும் கிடையாது.