வெள்ளத்துக்கு வாங்கி வெச்ச ரப்பர் போட்ல காத்து நிக்கல, பஞ்சர் ஒட்டினாலும் பிரிஞ்சிடுது, என்ன பண்றது?

கொள்ளிடம் படுகையில இருக்கிற ஊர், வெள்ளத்துக்குன்னு எல்லாரும் காசு போட்டு வாங்கின ரப்பர் போட், சாயந்தரம் காத்து அடிச்சா காலையில தொய்ஞ்சு கிடக்கு, பஞ்சர் கடையில ஒட்டினது ரெண்டே நாள்ல உரிஞ்சு வந்துடுச்சு, கூட வாங்கின ஊதுற லைஃப் ஜாக்கெட்ல ஒண்ணு பீரோவுக்குள்ளயே தானா ஊதிக்கிச்சுன்னு எழுதியிருக்கீங்க. நான் நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் போட் ரிப்பேர் வேலை பாக்குறவன், மழைக்காலம் நெருங்கினா இந்த மாதிரி ரப்பர் போட்டும் பட்டறைக்கு வரும், அதனால தெரிஞ்சத சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. ஒட்டுற வேலைய ஐப்பசில வெச்சுக்காதீங்க. எல்லாரும் டிவில புயல் சின்னம்னு சொன்ன அப்புறம்தான் மூட்டைய பிரிக்கிறாங்க, அந்த ஈரக் காத்துல எவ்வளவு நல்ல பசையா இருந்தாலும் பிடிக்காது. பசை தடவினதும் அதுல இருக்கிற தின்னர் ஆவியாகும்போது அந்த இடம் குளுந்து போகும், காத்துல ஈரம் அதிகமா இருந்தா கண்ணுக்கு தெரியாம பனி மாதிரி தண்ணி படியும், அதுக்கு மேல ஒட்டு வெச்சா அது பசை மேல நிக்கல, தண்ணி மேல நிக்குது. உங்க ஊருக்கு ரெண்டு தடவ ஆபத்து வரும், மேட்டூர் 120 அடி ரொம்பி உபரி தண்ணி கொள்ளிடத்துல வந்தா ஆடி ஆவணியிலயே நாதல்படுகை மாதிரி திட்டு ஊருங்க முழுகும், அப்புறம் ஐப்பசி கார்த்திகை மழை. அதனால ரிப்பேருக்கு பங்குனில இருந்து வைகாசி வரைக்கும்தான் சரியான நேரம். அதுலயும் கடற்கரை பக்கம் இருக்கிறவங்க கடக்காத்து உள்ள வர்றதுக்கு முன்னாடி, காலைல ஒரு பத்து பதினொரு மணிக்கு, நிழல்ல பண்ணணும். நேர் வெயில்ல பண்ணா மேல மட்டும் காஞ்சு ஆடை கட்டிடும், உள்ள ஈரமாவே இருக்கும்.

இப்ப காத்து இறங்குற கதை. நிஜமாவே ஓட்டையான்னு பாருங்க முதல்ல. இந்த போட் ட்யூபுக்கு சாதாரணமா 0.25 பார்தான் பிரஷர், அதாவது மூணரை பிஎஸ்ஐ சொச்சம், வால்வு பக்கத்துலயோ பின் பலகையிலயோ எழுதியிருக்கும். மத்தியானம் காத்தே 45 டிகிரி சூடா இருக்கும்போது 0.25 அடிச்சு, சாயந்தரம் 28 டிகிரி தண்ணியில விட்டீங்கன்னா ஓட்டையே இல்லாம 0.18 கிட்ட வந்துடும், கை வெச்சா மெத்துனு இருக்கும், உடனே பஞ்சர்னு முடிவு பண்ணிடுவாங்க. இதுக்கு நேர்மாறும் உண்டு, காலைல குளிர்ச்சியில கல்லு மாதிரி அடிச்சுட்டு கரையில வெயில்ல போட்டா, ட்யூப் 60 டிகிரி சூடானா அதே காத்து கிட்டத்தட்ட 0.4 பாருக்கு ஏறிடும், தையல் விடுறது பெரும்பாலும் அப்பத்தான். வெயில்ல நிறுத்துறதா இருந்தா கொஞ்சம் காத்த விட்டுடுங்க. டயர் கடை கம்ப்ரஸர்ல கொண்டு போய் கொடுக்கவே கொடுக்காதீங்க, அந்த பையன் பைக் டயருக்கு முப்பது பிஎஸ்ஐ வெச்சு பழகினவன், மூணுன்னு சொன்னா நம்ப மாட்டான்.

ராத்திரிக்கு ராத்திரி, அதே சூட்டுல அளந்தும் இறங்குதுன்னா அப்ப சோப்பு தண்ணி. பாத்திரம் கழுவுற லிக்விட கொஞ்சம் தண்ணியில கலந்து பெயிண்ட் பிரஷ்ல தடவுங்க. எல்லாரும் ட்யூப் உடம்ப தேடுவாங்க, நான் முதல்ல வால்வதான் பாப்பேன், மெதுவா இறங்குற கேஸ்ல நிறைய அங்கதான் இருக்கும். மூடிய கழட்டி உள்ள ஊத்திப் பாருங்க, நுரை பொங்கினா உள்ள இருக்கிற டயாஃப்ரம் ரப்பர்ல ஒரு மணல் பொடி மாட்டியிருக்கும், கழுவினாலே சரியாயிடும். வால்வு சுத்தி நுரை வந்தா அத முறுக்குற பிளாஸ்டிக் ஸ்பேனர் இருக்கு, கால் சுத்து போதும். அப்புறம் தையல் ஓரம், அப்புறம் அடிப்பக்கம். உங்க பக்கம் ஆத்தங்கரை முழுக்க சீமைக் கருவேல முள், அது குத்தி உள்ளயே முறிஞ்சு உக்காந்திருக்கும், வெளிய ஒரு கருப்பு புள்ளிதான் தெரியும், அது மேலயே ஒட்டு போட்டா முள்ளு திரும்ப ஒட்டையும் சேத்து குத்தும், ஊசியால நோண்டி எடுத்துட்டுதான் அடுத்த வேலை. பிச்சாவரம் முத்துப்பேட்டை பக்கம் வேற மாதிரி, அங்க அலையாத்தி மர வேர்ல ஒட்டியிருக்கிற சிப்பி பிளேடு மாதிரி கிழிச்சிடும்.

போட் ட்யூப் உள்ள தனித்தனி அறையா பிரிச்சிருக்கும். ஒரு அறையில காத்து இறங்குது, வெளிய எங்கயுமே நுரை இல்ல, பக்கத்து அறை மட்டும் இறுகிட்டே போகுதுன்னா உள்ள இருக்கிற தடுப்பு விட்டுடுச்சுன்னு அர்த்தம். அது நம்ம கை வேலை இல்ல. ஒரு அறைய முழுசா அடிச்சுட்டு அடுத்ததுக்கு போற பழக்கத்தாலதான் அது வரும், எல்லா அறைக்கும் பாதி பாதி அடிச்சுட்டு ரெண்டாவது சுத்துல முழுசாக்கணும்.

பஞ்சர் கடை ஒட்டு ஏன் நிக்கலன்னா, அவர் சொல்யூஷன் சைக்கிள் ட்யூப் ரப்பருக்கானது. இந்த மாதிரி போட்ட ரப்பர் போட்னு சொல்றோமே ஒழிய வர்றதுல பாதிக்கு மேல பிவிசி துணிதான், விலை கம்மியா வாங்கியிருந்தா கண்டிப்பா பிவிசிதான். இன்னொரு வகை ஹைபலான்னு ஒரு செயற்கை ரப்பர் பூசின துணி, டூபாண்ட் கம்பெனி 2010ல அத நிறுத்திட்டாங்க, வேற கம்பெனிங்க அதே சரக்க பண்றதால பேரு மட்டும் அப்படியே ஓடுது. கண்டுபிடிக்கிறது சுலபம், பிவிசி வழவழன்னு பளபளப்பா இருக்கும், ஹைபலான் மங்கலா ரப்பர் தொட்ட மாதிரி இருக்கும், சந்தேகமா இருந்தா மறைவான இடத்துல எம்.இ.கே.ங்கிற தின்னர் தொட்ட துணியால தேச்சுப் பாருங்க, பிவிசின்னா பிசுபிசுன்னு ஆகும். பிவிசிக்கு ஹார்டனர் கலக்குற ரெண்டு பார்ட் பாலியூரித்தேன் பசை, ஹைபலானுக்கு ரெண்டு பார்ட் நியோப்ரின் பசை. மாத்தி போட்டா நிக்காது. ஃபெவிக்விக் மாதிரி பசை காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆயிடும், துணி வளையுறப்ப விரிசல் விட்டுடும், அதோட அடுத்து வர்றவனுக்கு அத சொரண்டி எடுக்கிறதே பாதி நாள் வேலை.

இங்க ஒரு எச்சரிக்கை, நம்ம கடலோர ஊர்க்காரங்களுக்குன்னே சொல்றேன். சுனாமிக்கு அப்புறம் எல்லா ஊர்லயும் ஃபைபர் போட் ஆயிடுச்சு, ரெசின் கடையும் வந்துடுச்சு, அங்க போய் எம்.இ.கே. கேட்டா கேட்டலிஸ்ட்ட எடுத்து நீட்டுவாங்க. அது எம்.இ.கே.பி., பெராக்சைடு, ரெசின இறுக வைக்கிறது, துடைக்கிற தின்னர் கிடையாது, கண்ணுல ஒரு சொட்டு பட்டா பார்வையே போயிடும். டப்பாவுல எழுதியிருக்கிறத படிச்சுட்டு வாங்குங்க.

ஒட்டுற முறைய சொல்றேன். பழைய ஒட்டையும் பழைய பசையையும் முழுசா எடுக்கணும், ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டினா உரிஞ்சு வரும். காத்த முழுசா இறக்கி பலகை மேல தட்டையா விரிச்சு, ஓட்டையில இருந்து எல்லா பக்கமும் 5 செ.மீ. தள்ளி நிக்கிற மாதிரி ஒட்டு வெட்டுங்க, மூலை எல்லாம் வளைவா இருக்கணும், கூரா விட்டா அங்கேருந்துதான் உரியும். ஹைபலான்னா ரெண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கி டொலுவீன் தின்னர்ல துடைக்கணும், பிவிசிக்கு எம்.இ.கே.ல துடைச்சா போதும். அப்புறம் ரெண்டு பக்கமும் மெலிசா ஒரு கை பசை, அரை மணி நேரம் ஆற விட்டு இன்னொரு கை, விரல் முட்டியால தொட்டா ஒட்டணும் ஆனா பசை கையோட வரக்கூடாது, அந்த பதத்துல நடுவுல இருந்து ஓரத்துக்கு ஒட்டிக்கிட்டே வந்து ஸ்பூன் முதுகால அழுத்தி தேய்ங்க. ஒரு தடவ பட்டா அவ்வளவுதான், நகத்த முடியாது, அதனால முன்னாடியே பென்சில்ல கோடு போட்டுக்குங்க. ஒரு நாள் முழுக்க காத்து அடிக்காதீங்க, முடிஞ்சா ரெண்டு மூணு நாள். ஹார்டனர் பாட்டில் ஒரு தடவ திறந்தா காத்து ஈரத்த குடிச்சு கெட்டுடும், மிச்சத்த அடுத்த வருஷத்துக்கு பத்திரப்படுத்துறதுல பிரயோஜனம் இல்ல. தையலே நீளமா விட்டிருந்தா அது மேல ஒட்டு போடுறது வேஸ்ட், சர்வீஸுக்கு அனுப்பிடுங்க.

வெக்கிற இடத்த பத்தி ஒரு வார்த்த. நல்ல தண்ணியில கழுவி, போட்டோட தரைக்கும் ட்யூபுக்கும் நடுவுல இருக்கிற மணல எடுத்து, நல்லா காய வெச்சு, முடிஞ்சா அரை காத்தோட நிழல்ல விடுங்க. மடிச்சுதான் வெக்கணும்னா நெல்லு மூட்டை இருக்கிற ரூம்ல மட்டும் வேண்டாம், எலி நெல்லுக்கு வந்துட்டு போட்டையும் ஒரு கை பாத்துட்டுப் போகும்.

ஜாக்கெட் தானா ஊதினதுக்கு காரணம், உள்ள மாத்திரை மாதிரி ஒரு சின்ன பாபின் இருக்கும், அது தண்ணியில கரைஞ்சா ஸ்பிரிங் விடுபட்டு சிஓ2 சிலிண்டர குத்தும். மழைக்கால ஈரத்துல பீரோவுக்குள்ளயே மெதுவா கரைஞ்சிருக்கும். பாபின்லயே தேதி இருக்கும், காலம் முடிஞ்சத மாத்திடுங்க, குத்தின சிலிண்டரையும் மாத்தணும், அதுல ஓட்டை தெரியும். மத்த ஜாக்கெட் சிலிண்டர கழட்டி எடை போடுங்க, அது மேலயே எடை பொறிச்சிருக்கும், சமையல் தராசோ தெரிஞ்ச நகைக்கடை தராசோ போதும், ரெண்டு கிராமுக்கு மேல குறைஞ்சா தூக்கி போடுங்க. சிலிண்டர் கழட்டினப்பவே வாயால ஊதி ஒரு நாள் விட்டுப் பாருங்க, தொய்யக் கூடாது. பாத்து முடிச்சதும் காத்த முழுசா இறக்கிட்டுத்தான் சிலிண்டர கையால இறுக்கி மாட்டணும், ஊதினபடியே மாட்டி சிலிண்டர் காத்த விட்டுடுச்சுன்னா ஜாக்கெட் வெடிக்கலாம்.

ஆனா என்ன கேட்டா, முள்ளுக்காட்டுக்குள்ள போற வெள்ள வேலைக்கு இந்த ஊதுற ஜாக்கெட்டே சரிப்படாதுங்க. ஒரு கருவேல முள் குத்தினா கதை முடிஞ்சுது. போட்ல போறவங்களுக்கு சாதாரண ஃபோம் ஜாக்கெட்டா வாங்கிடுங்க, இத வித்துட்டு.