ஓர் அந்தர் பாரம், அரை மைல் திடல்

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1875இல் ஜோன் பேக்கர் அமைத்த நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலைப் பற்றிச் சிறு குறிப்பு வந்திருந்தது. அதைப் படித்த மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். கொழும்பையும் நுவரெலியாவையும் விட்டுவிட்டு, நூறாண்டுக்கு முன் ஒரு சிறு பட்டினத்தில் பந்தயம் வைப்பதென்றால் என்னென்ன வேண்டும் என்பதே பல கடிதங்களில் உள்ள கேள்வி.

கேள்வி: பள்ளிக்கூட மேடைக்கு ஒரு நாடகம் எழுதுகிறேன். கதை 1910 அளவில் நடக்கிறது. பந்தயத் திடலை எப்படி அளந்து அமைப்பார்கள்?
– ஆசிரியை ஒருவர், கல்லடி

பதில்: சிறு பட்டினத்துக்கு அரை மைல் சுற்று போதும். அரை மைல் என்பது 880 யார். எதிரெதிரே 220 யார் நீளத்தில் இரண்டு நேர்பாதைகள். அவற்றின் முனைகளைச் சேர்க்க 70 யார் ஆரத்தில் இரண்டு அரைவட்டங்கள். 70ஐ 22/7ஆல் பெருக்கினால் ஒவ்வோர் அரைவட்டமும் சரியாக 220 யார் வரும். ஓடும் பாதையை 15 யார் அகலம் விட்டால், எல்லாமாக 14 ஏக்கர் வெளி வேண்டும்.

அளப்பதற்கு நில அளவையாளரின் சங்கிலி இருந்தது. ஒரு சங்கிலி 22 யார், பத்துச் சங்கிலி ஒரு பர்லாங்கு, எண்பது சங்கிலி ஒரு மைல். வளைவுக்கு நடுவில் ஒரு முளை அடித்து, 70 யார் கயிற்றைக் கட்டிச் சுற்றி வந்தால் கோடு விழும். தேங்காய்நார்க் கயிறு இழுபடும், நனைந்தால் அளவு மாறும். ஆகையால் நாலைந்து இடத்தில் சங்கிலியால் சரிபார்க்க வேண்டும்.

அளப்பது உள்வேலியிலிருந்து ஒரு யார் தள்ளித்தான். குதிரை வேலியை உரசிக்கொண்டு ஓடாது. வளைவில் மூன்று யார் வெளியே தள்ளி ஓடுகிற குதிரை ஒரு சுற்றில் ஏறத்தாழ 19 யார் கூடுதலாக ஓடுகிறது. அது ஏழு குதிரை நீளம். ஒரு மைல் பந்தயம் என்றால் இரண்டு சுற்று, 38 யார் வீண். உள்ளே இடம்பிடிக்க ஜொக்கிமார் முட்டி மோதுவது இதனால்தான்.

வேலிக் கம்புகளை நேராக நடக் கூடாது. அடி உள்ளே, தலை பாதைப் பக்கம் சாய்ந்தபடி நட்டு, தலையில் கயிறு கட்ட வேண்டும். நேராக நட்டால் சவாரி செய்கிறவரின் முழங்கால் கம்பில் அடிபடும்.

நடுவரின் பரணை மேற்குப் பக்கத்து நேர்பாதையோரம் போடச் சொல்லுங்கள். பந்தயம் பின்னேரத்தில் நடக்கிறது. கிழக்குப் பக்கம் போட்டால் வெயில் நேரே கண்ணில் விழும், தலை வித்தியாசத்தில் வரும் இரண்டு குதிரைகளை அவரால் பிரித்தறிய முடியாது.

கேள்வி: அறுவடை முடிந்த வயலில் ஓட விடலாமா? கடற்கரை மணலில்?
– வாசகர், காரைதீவு

பதில்: இரண்டும் ஆகாது. களிவயல் காய்ந்தால் வெடிக்கும். வெடிப்பில் குளம்பு சிக்கினால் கால் முறியும். வரம்பை வெட்டித் தள்ளினாலும் அந்த இடம் மேடாகத்தான் நிற்கும். ஆழமான மணலில் முன்னங்காலின் பின்புறத் தசைநார் இழுபட்டு வீங்கும், அது ஆற மாதக்கணக்கு ஆகும். அறுகு படர்ந்த மணல்கலந்த மேட்டுநிலந்தான் நல்லது. நடக்கும்போது குதிகால் ஓர் அங்குலம் இறங்கினால் சரி. கார்த்திகை, மார்கழி மழை ஓய்ந்து நிலம் இறுகத் தொடங்கும் மாசி, பங்குனியில் வைத்தால் ஈரம் அளவாக இருக்கும். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் நிலம் கல்லாகிவிடும், புழுதியில் பின்னால் வருகிற குதிரைக்கு முன்னால் ஒன்றும் தெரியாது.

கேள்வி: வேகமான குதிரைக்குப் பாரம் ஏற்றுவார்களாமே, அது எப்படி? ஏமாற்ற முடியாதா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: பந்தயத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நல்ல திடல் இருந்தாலும் தராசு பிழைத்தால் எல்லாம் பிழைத்துவிடும்.

பாரம் ஸ்டோன் கணக்கில் சொல்லப்படும். ஒரு ஸ்டோன் 14 இறாத்தல். 8 ஸ்டோன் என்றால் 112 இறாத்தல், அதாவது கடைக்காரர் சொல்லும் சரியான ஓர் அந்தர். ஒரு மைல் ஓட்டத்தில் ஒரு குதிரை நீளத்துக்கு இரண்டு இறாத்தல் என்பது சுமாரான கணக்கு. சென்ற முறை மூன்று நீளத்தில் வென்ற குதிரைக்கு இம்முறை ஆறு இறாத்தல் கூடும். ஓட்டம் குறுகக் குறுக ஒரு நீளத்துக்கான பாரம் கூடும். ஐந்து பர்லாங்கு என்றால் மூன்று இறாத்தல்.

ஓட்டத்துக்கு முன் ஜொக்கி சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசுக் கதிரையில் உட்காருவார். சாட்டையும் கடிவாளமும் கணக்கில் சேராது. ஆள் 104 இறாத்தல், சேணம் 4 இறாத்தல் என்றால், ஓர் அந்தருக்கு இன்னும் 4 இறாத்தல் வேண்டும். அதை ஈயத்தகடாக, சேணத்துக்குக் கீழே விரிக்கும் பைத்துணியில் இடுவார்கள். வலம் இரண்டு, இடம் இரண்டு. ஒரு பக்கம் கூடினால் வளைவில் சேணம் சரியும். தகடு பின்னுக்குப் போய் இடுப்பில் அழுத்தினால் குதிரையின் பின்னங்கால் உந்தல் குறையும். சிறு பட்டினத்தில் தகடு கிடைக்காவிட்டால், வலைக்குக் கோக்கும் ஈயத்தை உருக்கித் தட்டையாக அடித்துக்கொள்ளலாம். உருண்டையாகப் போட்டால் முதுகு புண்ணாகும்.

ஓட்டம் முடிந்ததும் தராசுக்காரர் மறுபடி நிறுப்பார், ஏமாற்று பிடிபடுவது அங்கேதான். ஜொக்கி குறித்த இடத்துக்குக் குதிரையிலேயே வந்து இறங்க வேண்டும். இடையில் இறங்கினாலோ, நிறுக்கும் முன் வேறொருவரைத் தொட்டாலோ வெற்றி பறிபோகும். கைகொடுக்கிற சாக்கில் ஒரு துண்டு ஈயம் கைமாறலாம் அல்லவா? ஓர் இறாத்தலுக்கு மேல் குறைந்தால் அந்தக் குதிரை நீக்கப்படும். களவே இல்லாமலும் இது நடக்கும். பைவாய் சரியாகக் கட்டப்படாமல் தகடு வழியில் விழுந்திருக்கும். வென்ற குதிரை, தோற்ற கணக்கு.

தராசையும் காலையிலேயே சோதிக்க வேண்டும். 28 இறாத்தல் படிக்கல் நான்கை வைத்தால் ஓர் அந்தர் காட்ட வேண்டும். கதிரை தரையில் உரசினாலோ காற்றில் ஆடினாலோ அளவு பொய்க்கும், ஆகவே கிடுகு அடைத்த கொட்டிலுக்குள் தொங்கவிடுவது நல்லது.

கேள்வி: சிறு குதிரைகளை உயரப்படி பிரிப்பது எப்படி?
– வாசகர், கழுவாஞ்சிகுடி

பதில்: குதிரையை அளக்கும் ‘கை’ நான்கு அங்குலம், நம்முடைய சாண் அல்ல. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் தோள்மேட்டில் அளப்பார்கள். பழைய ஆங்கிலேயப் போட்டி ஒன்றில் 14 கை உயரக் குதிரை 9 ஸ்டோன் சுமக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு எட்டிலொரு அங்குலத்துக்கும் 14 அவுன்ஸ் கூடும், கீழே போனால் குறையும். அங்குலத்துக்கு 7 இறாத்தல் ஆகிறது. இவ்வளவு பாரம் அங்குலத்தில் தங்கியிருந்ததால்தான் அளவுக் கம்பு தொட்டவுடன் உடம்பைத் தாழ்த்தக் குதிரையைப் பழக்கினார்கள், குளம்பை அளவுக்கு மீறிச் சீவினார்கள், அளக்கும் முன் ஓட்டிக் களைக்க வைத்தார்கள். குதிரையைச் சமமான கல்தளத்தில் நிறுத்தி, ஆறிய பிறகு அளப்பதே மருந்து.

கேள்வி: வெளியூர்க் குதிரைகள் எப்படி வந்து சேரும்?
– வாசகர், ஏறாவூர்

பதில்: மட்டக்களப்புக்கு ரயில் 1928இல்தான் வந்தது. கல்லடிப் பாலம் 1924. அதற்கு முன் மலைநாட்டிலிருந்து வருவதென்றால் பதுளை–செங்கலடி வீதியில் ஏறத்தாழ நூறு மைல் நடை. ஒரு நாளைக்கு 15, 20 மைல் என்று வைத்து, வந்தபின் நான்கைந்து நாள் இளைப்பாறவும் விட வேண்டும். வாவியைப் பாதையில் (மிதவைப் படகில்) ஏற்றிக் கடக்கும்போது குதிரையின் கண்ணைத் துணியால் மூடினால் மிரளாது. கொள்ளும் தவிடும் வந்த ஊரிலிருந்தே கொண்டுவரட்டும். தீனி திடீரென்று மாறினால் வயிற்றுவலி கண்டு குதிரை படுத்துவிடும்.

கேள்வி: ஓட்டத்தை எப்படித் தொடங்குவார்கள்? பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பார்கள்?
– ஆசிரியை ஒருவர், கல்லடி

பதில்: குறுக்கே நாடா கட்டி மேலே தூக்கும் முறை 1890களில் அவுஸ்திரேலியாவில் வந்தது. வசதி குறைந்த இடத்தில் கொடிதான். தொடக்குபவர் சிவப்புக் கொடியைத் தாழ்த்துவார். நூறு யார் முன்னால் நிற்பவர் அதைக் கண்டு தன் வெள்ளைக் கொடியைத் தாழ்த்தினால் ஓட்டம் செல்லும். அது தாழாவிட்டால் எல்லோரும் திரும்பி வர வேண்டும். முன்கொடிக்காரர் பந்தயத்தை வேடிக்கை பார்க்கத் தொடங்கினால் குழப்பந்தான்.

பணம்: ஒரு ரூபாய்ச் சீட்டு 500 விற்றால், செலவுக்கு நூற்றுக்குப் பத்து எடுத்து மீதி 450. வென்ற குதிரையின் சீட்டு 90 என்றால் ஆளுக்கு ஐந்து ரூபாய். கொடி தாழும் முன் மணி அடித்து விற்பனையை மூடி, ஒவ்வொரு குதிரைக்கும் விற்ற தொகையைப் பலகையில் எழுதிவிட வேண்டும். நாடகத்தில் தகராறு ஒன்று வேண்டுமென்றால் இந்த இடத்தில் வையுங்கள்: தராசுக்காரர் சரி சொல்லும் முன்பே பணம் கொடுத்து முடித்தாயிற்று, வென்ற ஜொக்கியோ இரண்டு இறாத்தல் குறைவு.